கோல் கம்பத்துக்குப் பின்னால் பதினொரு சனிக்கிழமைகள்

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

‘சம்பந்தி அவர்களுக்கு’ என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. இது இரண்டாவது தாள். ஆகவே இப்போதைக்கு ‘ஐயா’ என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் முடியும்போது தாங்கள் எனக்கு யாராக இருப்பீர்கள் என்பது எழுத எழுதத்தான் எனக்கே தெரியவரும்.

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அது பழைய சமாசாரம். தங்கள் நலத்தையும் தங்கள் துணைவியார் நலத்தையும் அறிய ஆவல். தாங்கள் அன்போடு எழுதிய கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க மரியாதை. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. ‘என் மகனுக்கு உங்கள் மகளைக் கொடுக்கச் சம்மதம் என்றால் ஆமாம் என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்’ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வார்த்தைதானே என்று பேனாவை எடுத்தேன். இரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தை எது என்று பிடிபடவில்லை. அதனால் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். இதற்குள்ளே எங்காவது அது இருக்கும்.

என்னைப் பற்றித் தங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கசிவு பார்க்கிற வேலை செய்தவன். தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டிய மூட்டில் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட வேண்டும். உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு மூட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் சுண்ணாம்பில் கறுப்பாக ஒரு புள்ளி கிளம்பும். கிளம்பாவிட்டால் சான்றிதழில் என் கையெழுத்து. பக்கத்தில் சண்டை நடந்தாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி, கண்ணை மூட்டிலிருந்து எடுக்க மாட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தொட்டி ஒன்றுகூட ஒழுகுகிறது என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த குளறுபடிகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள், அதற்காகச் சொல்கிறேன்.

தங்கள் மகன் கணுக்கால் சுளுக்கோடு என் மகள் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்ததும், சுளுக்கு இரண்டு வாரத்தில் சரியானதும், அதற்குப் பிறகும் அவர் ஆறு வாரம் வந்ததும் தாங்கள் அறிந்ததே. தங்கள் பக்கத்திலிருந்து பேச்சு வந்தபோது, “பையன் என்ன பண்றாரு?” என்று மகளிடம் கேட்டேன். “ஃபுட்பால் ஆடுறாரு” என்றாள். “அது சரி, வேலை?” என்றேன். “அதுதாம்ப்பா வேலை.” “எத்தனை கோல் போட்டிருக்காரு?” “ஒண்ணும் போட்டதில்ல.” “அப்ப என்னதான் பண்றாரு?” “போட வர்றவங்களைத் தடுக்குறாரு.” எனக்குக் காதில் தேன் பாய்ந்தது போல இருந்தது. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. ஒருவர் தடுத்துக்கொண்டே இருந்தால் அவருடைய அணி பிழைக்குமா? அணி பிழைத்தால்தானே அவர் பிழைப்பார்? அவர் பிழைத்தால்தானே என் மகள்? ஒரு சீசன் முழுக்க நேரில் உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்துக்குத் தங்கள் மகனே பாஸ் அனுப்பியிருந்தார். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று வாசலில் கேட்டார்கள். “தடுக்கிற பக்கம்” என்றேன். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். அருமையான இடம். தங்கள் மகனின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. நாற்பத்தைந்து நிமிடம் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பந்து அந்தக் கோடிக்குப் போனால் மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி அலறினார்கள், நான் திரும்பவில்லை. மூட்டைப் பார்க்க வந்தவன் மூட்டைத்தானே பார்க்க வேண்டும்? இடைவேளை முடிந்து பார்த்தால் அவர் நின்ற இடத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் சட்டையை மாற்றிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆளும் ஒரு சாண் குள்ளமாகத் தெரிந்தார். களைப்பு மனிதனை அப்படிக் குறுக்கிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டு, அடுத்த நாற்பத்தைந்து நிமிடம் அவரையும் சோதித்தேன். பரவாயில்லை ரகம். இரண்டு இடத்தில் கசிந்தார்.

வீட்டுக்கு வந்து, “பையன் முதல் பாதியில தங்கம். ரெண்டாம் பாதியில தளர்ந்து போயிடறாரு, உயரமும் குறையுது” என்று அறிக்கை கொடுத்தேன். மகள் சமையலறைக்குள் போய் ஐந்து நிமிடம் இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “அப்பா, பாதி ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு டீமும் பக்கம் மாறிக்குவாங்க. நீங்க ரெண்டாவதா பார்த்தது எதிர் டீம் ஆளை” என்றாள். “யாருங்க ஜெயிச்சாங்க?” என்று மனைவி கேட்டாள். அதை நான் கவனிக்கவில்லை. “தொண்ணூறு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துட்டு வந்திருக்கீங்க, யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியலியா?” என்றாள். தொட்டியைச் சோதிக்கிறவனிடம் அதை யார் வாங்கினார்கள் என்று கேட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? இதை விளக்கிச் சொல்வதற்கே அன்று வெகு நேரம் ஆகிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து இடைவேளையில் நானும் குடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். முழங்கால் வலிதான், இருந்தாலும் போனேன். அங்கே இருந்த காவலாளி கையை நீட்டி மறித்து, “சார், உங்க சீட் அந்தப் பக்கம்” என்றார். “எங்க மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்துட்டாரே” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஐயா, அந்த வார்த்தை வழிவிடுவதற்காக வாயில் வந்தது, அவ்வளவுதான். யாராவது தங்கள் காதில் போட்டிருந்தால் அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் காவலாளி அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுந்து நின்று, “வாங்க சார், உங்க மாப்பிள்ளை ரெடியா நிக்கிறாரு” என்று வழிவிட ஆரம்பித்துவிட்டார். நானும் திருத்தவில்லை. திருத்தினால் திரும்பிப் போகச் சொல்வார்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சொல்லிக்கொடுக்கிறவர் உட்காருகிற பக்கமும் காரில் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா, இருபது வருடமாக அதை மிதித்தே பழகிய கால் அவருக்கு. எதிரணி பந்தோடு நம் பக்கம் வந்தால் அவர் கால் தானாக நீண்டு முன்சீட்டின் முதுகை மிதிக்கும். முன்சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்ததுதான். தங்கள் மகனுக்கு ரசிகர்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர் ‘தாழ்ப்பாள்’ என்பதும் இவர் மூலம்தான் தெரிந்தது. எதிரணி நெருங்கும்போது ஐந்தாயிரம் பேர் எழுந்து “தாழ்ப்பாள்! தாழ்ப்பாள்!” என்று கத்துவதைக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறியும். நானும் கத்தியிருக்கிறேன். என் வயதுக்கு அது அழகல்ல என்று தெரியும்.

இப்படி ஆட்டம் போய்க்கொண்டிருக்க, கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் டிரைவிங் ஸ்கூல்காரரைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். லைசென்ஸ் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அவர் நிலவரத்தை எழுதிக் காட்டினார். பன்னிரண்டு அணி. இருபத்தோரு ஆட்டம் முடிந்திருக்கிறது, பாதி வெளியூரில் நடந்ததால் நான் பார்த்தது பத்துதான். நம் அணி வாங்கிய கோல் ஆறே ஆறு. முதலிடத்தில் இருக்கிற அணிகூடப் பதினேழு வாங்கியிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அப்ப நாம எத்தனாவது இடம்?” என்றேன். “பதினொண்ணாவது” என்றார். மேலிருந்து எண்ணுகிறாரா, கீழிருந்து எண்ணுகிறாரா என்று கேட்டேன். மேலிருந்துதானாம்.

“எப்படி சார்? நம்ம ஆளுங்க நாலே நாலுதான தோத்திருக்காங்க?”

“நாலுதான் தோத்தாங்க. ஆனா ஜெயிச்சது மூணுதான சார். மத்த பதினாலும் டிரா. ஜெயிச்சா மூணு பாயிண்ட், டிராவுக்கு ஒண்ணு. ஆக மொத்தம் இருபத்திமூணு. நமக்கு மேல ஒருத்தன் இருக்கான் பாருங்க, பன்னெண்டு தோத்திருக்கான்.”

“பன்னெண்டா!”

“முப்பத்தெட்டு கோல் வாங்கியிருக்கான். ஆனா எட்டு ஜெயிச்சுட்டான், ஒண்ணு டிரா. இருபத்தஞ்சு பாயிண்ட்.”

ஐயா, நான் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பன்னிரண்டு முறை ஒழுகின தொட்டி மேலே, ஒழுகாத தொட்டி கீழே. கீழே இருக்கிற இரண்டு அணியும் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுமாம். இறங்கினால் நம் கிளப் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தை எல்லாம் முடித்துக்கொள்ளும் என்று பேச்சாம். தங்கள் மகனுக்கும் அதே கதிதான். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் தப்பிக்க வழி உண்டு, டிரா செய்தாலும் போச்சு. “பலமான டிஃபென்ஸ் இருந்தா டீமைத் தூக்கி நிறுத்திடும்னு சொல்றாங்களே சார்?” என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “பிரேக் நல்லா இருக்குற வண்டி ரொம்ப நல்ல வண்டி சார். ஆனா பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?” என்றார். பிறகு அவரே, “ஆனா பிரேக் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றார். இதில் எதை எடுத்துக்கொள்வது?

வீட்டில் வந்து மனைவியிடம் நியாயம் கேட்டேன். “நீங்களே சொல்லு, ஒரு சொட்டு ஒழுகாத தொட்டிய வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?” என்றேன். பதற்றத்தில் ‘நீங்க’, ‘நீ’ எல்லாம் கலந்துவிட்டது. அவள் துணி மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல், “காலித் தொட்டியும்தான் ஒழுகாது” என்றாள். முப்பத்தோரு வருடத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. அவள் விடவில்லை. “இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் ஒன்பது வரன் வந்துச்சு. ஒருத்தன் உட்கார்ந்தா நாற்காலி ஆடுதுன்னு சொன்னீங்க. ஒருத்தன் மூணு தடவை ‘பார்க்கலாம்’னு சொன்னான்னு வேண்டாம்னுட்டீங்க. ஒருத்தன் ஃபோன்ல சார்ஜ் நாலு பர்சன்ட் இருந்துச்சாம், முன்யோசனை இல்லாதவனாம். ஒன்பது பேர்ல ஒருத்தனையும் உள்ள விடல. உங்களை மாதிரித் தடுக்க ஊர்ல ஆள் கிடையாது. ஜெயிச்சது என்ன? பொண்ணுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுடுச்சு” என்றாள். மகள் உள்ளே ஏதோ எடுப்பது போல அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு மிகவும் வலித்தது, ஐயா. அவளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்றுதானே நின்றேன்?

மறுநாள் தங்கள் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். மூடிமறைக்காமல் நேராகவே கேட்டுவிட்டேன். “தம்பி, அடுத்த வருஷம் டீம் இருக்குமா?” “இருக்கணும் சார்.” “இல்லாட்டி?” “பார்த்துக்கலாம் சார்.” ‘பார்க்கலாம்’ என்று மூன்று முறை சொன்னவனை நான் திருப்பி அனுப்பியது மனைவிக்கு நினைவு வந்து என்னை முறைத்தாள். “சரி, நீங்க ஏன் ஒரு தடவையாவது முன்னாடி போய் ஒரு கோல் போடக் கூடாது?” என்றேன். அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, “நான் போயிட்டா பின்னாடி யாரு சார் நிப்பாங்க?” என்றார். அகம்பாவம் இல்லாமல், உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவர் போலக் கேட்டார். இரண்டு பேரும் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் மிகவும் ஒத்துப்போயிற்று.

கடைசி ஆட்டம் போன சனிக்கிழமை நடந்தது. முடிவு தங்களுக்குத் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்பது தங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். எண்பத்தெட்டு நிமிடம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை. நம் கோச் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நமக்குக் கார்னர் கிடைத்தது. எல்லாரையும் முன்னால் போகச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். தங்கள் மகன் ஒரு தரம் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து, நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். இந்தப் பதினொரு சனிக்கிழமையில் அவர் அந்தக் கோட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் மைதானம் பாதி காலியாகக் கிடந்தது. கோல்கீப்பர் ஒருத்தர் மட்டும், அவரும் கோலை விட்டு வெகுதூரம் முன்னால் போய் நின்றார். வீட்டுக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிப் போன மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. “யாராவது நில்லுங்கப்பா!” என்று நான் கத்தியது டிரைவிங் ஸ்கூல்காரருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அந்தக் கோடியில் என்ன நடந்தது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. கூட்டம் மொத்தமும் எழுந்தது, ‘ஓ’ என்றது, அப்படியே ‘ஐயோ’ என்றது. தங்கள் மகன் தலையால் முட்டிய பந்து மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்த்தது என்னவென்றால், மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் பந்தோடு என்னை நோக்கி ஓடி வருகிறான். நடுவில் ஒருவரும் இல்லை. கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். நம் அணியில் ஒவ்வொருவராக ஓடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார், ஒருவர் உட்கார்ந்தேவிட்டார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டிரா ஆனாலும் இறக்கம், தோற்றாலும் இறக்கம், இனிமேல் ஓடி ஒன்றும் ஆகப்போவதில்லை. தங்கள் மகன் ஒருவர் மட்டும் ஓடி வந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும். மஞ்சள் சட்டைக்காரன் அடித்த பந்து கோட்டைத் தாண்டப்போகிற நேரத்தில் விழுந்து காலை நீட்டி அதை வெளியே தள்ளிவிட்டு, வலைக்குள் போய்ச் சுருண்டார். ரெஃப்ரி ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது. சைபருக்குச் சைபர். நாம் இறங்கிவிட்டோம்.

டிரைவிங் ஸ்கூல்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “எதுக்கு சார் இந்த ஓட்டம்? ஒரு பிரயோஜனமும் இல்லியே! கோலா போனாலும் இதேதானே!” என்றார். நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். குடை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வலைக்குள் கிடந்தவர் எழுந்து, முதலில் பந்து எங்கே போயிற்று என்று பார்த்தார். அது வெளியே கிடக்கிறது என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. ஐயா, அந்த நிம்மதி எனக்குத் தெரியும். யாருக்கும் விற்காமல் மூலையில் போடப்போகிற தொட்டியானாலும், என் கையெழுத்தோடு போவது ஒழுகக் கூடாது என்று நான் உட்கார்ந்திருந்த நாள்கள் உண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அன்றைக்கு முதல் தடவையாக, எனக்குத் துணையாக இன்னொருவர் இருப்பது போலத் தோன்றியது.

ஆக, பலமான தடுப்பாட்டம் ஓர் அணியைத் தூக்கி நிறுத்துமா என்ற கேள்விக்கு ஒரு சீசன் முழுக்கச் சோதித்துக் கண்ட விடை, நிறுத்தாது. புள்ளிக்கணக்கே அப்படித்தான் சொல்கிறது. இரண்டாம் பிரிவில் இருக்கிறோம். தங்கள் மகனுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வழக்கப்படி பார்த்தால் இது கறுப்புப் புள்ளிதான், கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் என்றைக்காவது என் மகள் வாழ்க்கையில் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஒரு நேரம் வந்தால், மற்றவர்கள் எல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது, இந்த மனிதர் ஓடி வருவார். இதை நான் நேரில் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கத் தெரியாவிட்டாலும் இது எனக்குப் பார்க்கத் தெரியும். ஆகவே, இரண்டு நாள் குழம்பி, நன்றாக யோசித்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நானாகவே எடுத்த முடிவு: ஆமாம். சம்மதம். பத்தாவது ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று கொஞ்சம் பயமாக இருக்கிறது. பக்குவமாகச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று இருக்கிறேன்.

சம்பந்தி அவர்களே (இந்த முறை அடிக்கவில்லை), தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். கணுக்காலில் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். இரண்டு குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்திருக்க மனமார வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்புள்ள,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். பிழை பார்க்கிற சாக்கில் விஷயத்தைப் பக்குவமாகத் தெரிவித்த மாதிரியும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் அழுதாள். பிறகு, “அப்பா, கோவிச்சுக்காம கேளுங்க. அவர்கிட்ட நான் சரின்னு சொல்லி ஏழு மாசம் ஆச்சு” என்றாள். முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிட்டதாம். மனைவிக்குத் தெரியுமாம். தங்களுக்கும் தெரியுமாம். தங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்து வரியை இவள்தான் தொலைபேசியில் சொல்லித் தாங்கள் எழுதினீர்களாம், சீசன் முடியப்போகிறபடியால் இனியும் இழுக்க முடியாது என்று.

“அப்ப எதுக்கும்மா என்னை ஒரு சீசன் முழுக்க உட்கார வச்சீங்க?” என்று கேட்டேன். “அன்னிக்கே சொல்லிடலாம்னுதாம்ப்பா அம்மாவும் நானும் காத்துக்கிட்டிருந்தோம். நீங்க மொத மேட்ச் பார்த்துட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம ரெண்டு மணி நேரம் பேசினீங்க. ரிட்டயர் ஆனப்புறம் எட்டு மாசத்துல நீங்க எங்ககிட்ட மொத்தமா அவ்வளவு பேசினதில்ல. ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. சாப்பிடக் கூப்பிட்டாத்தான் திரும்புவீங்க. அவருதான் சொன்னாரு, சீசன் முடியட்டும், உங்க அப்பா நிதானமா பார்க்கட்டும்னு” என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “மேட்ச் இருக்குற சனிக்கிழமை மட்டும்தாம்ப்பா நீங்க ஷேவ் பண்ணிக்கிட்டீங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஐயா. கோபப்பட வேண்டுமா, தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் இந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மேலே நானாகவே எடுத்த முடிவு என்று எழுதியிருக்கிறதே, அந்த வரியை அடிக்கலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்கிறாள் மகள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆட்டம் எதுவும் கிடையாது. இருந்தாலும் ஷேவ் செய்துகொண்டுதான் தபால் பெட்டிக்குக் கிளம்புகிறேன்.